கடலெண்ணெய்க் கையும் நல்லெண்ணெய்க் குஞ்சுகளும்

புதுச்சத்திரம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பிரபா கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் கோழிகளும் சுகம், உன் அப்பா முக்கால்வாசி சுகம், மீதிக்கு மாவுக்கட்டு போட்டிருக்கிறது. போனில் சொன்னால் பதறுவாய் என்றுதான் ராகி மாவுப் பார்சலோடு இதை வைக்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும்.

பாப்பாவுக்குக் கால் எலும்பு லேசாக வளைந்திருக்கிறது என்று நார்வே டாக்டர் சொன்னதாக நீ அழுத நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பருப்புச் சோற்றில் எந்த எண்ணெய் விடட்டும் என்று கேட்டாயே, வினை அங்கேதான் தொடங்கியது. நான் நல்லெண்ணெய் என்றேன். உன் அப்பா நிலக்கடலை ஆட்டிய கடலெண்ணெய்தான் என்றார். எங்காத்தா அதை ஊத்தித்தான் என்னை வளத்துச்சு, தட்டிப் பாரு புள்ள, இரும்பாட்டம் இருக்கும் என்று கையை நீட்டினார். பேசித் தீரவில்லை. பண்ணைக்குப் புதிதாக வந்த குஞ்சுகளில் கொஞ்சத்தை இரண்டு கூண்டில் பிரித்து விட்டோம், ஒன்றின் தீவனத்தில் என் எண்ணெய், மற்றதில் அவருடையது, எந்தக் கூண்டுக் குஞ்சு திடமாக ஓடுகிறதோ அந்த எண்ணெய்தான் நார்வேக்கு.

வியாழக்கிழமை அவர் இரண்டு கூண்டின் கதவையும் சாத்த மறந்துவிட்டார். குஞ்சுகள் அத்தனையும் களத்தில் கலந்து ஓடின. இவர் வாலிபப் பையன் மாதிரி தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினார், பின்னாலேயே நானும் ஓடினேன், ஈரத்தில் இருவரும் வழுக்கி விழுந்தோம். நான் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். அவர் எழவில்லை. எனக்கு உயிரே நின்றுவிட்டது. நல்லவேளை, மணிக்கட்டில் விரிசல் மட்டும்தான்.

எக்ஸ்ரேயைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. பாத்தீங்களாங்க உங்க கடலெண்ணெய் எலும்பை என்று ஆஸ்பத்திரியே கேட்கும்படி சொன்னேன். அவர் வலியிலும் விடவில்லை, கண்ணாலம் ஆனதுலிருந்து நீ ஊத்துற நல்லெண்ணெயத்தானே திங்கிறேன் என்றார். எலும்பு சின்ன வயசுல கட்டுறதுங்க, அது உங்காத்தா பொறுப்பு என்றேன். டாக்டர் ஜெகதீஸ்வரன் சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டுத் துணி கீழே விழுந்தது.

பாப்பா விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். வளர்ற கொழந்தைக்கு எண்ணெய் வேணுமுங்கம்மா, அது இருந்தாத்தான் வைட்டமின் டி ஒடம்புல நல்லாச் சேரும், ஆனா எண்ணெயே எலும்பைக் கட்டிராது, எது ஒத்துக்குதோ அதுல கொஞ்சம் ஊத்தட்டும், அந்த ஊர் டாக்டர் குடுத்த சொட்டு மருந்தை மட்டும் உட்றக் கூடாது, சீக்கிரமே கண்டுபுடிச்சிட்டாங்க, பெரும்பாலும் நேராயிரும் என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. உன் அப்பா கட்டுப் போட்ட கையை என் மடியில் வைத்தார். பாறாங்கல் கனம், ஆனாலும் எடுக்கச் சொல்லவில்லை.

குஞ்சுகளில் எது யாருடையது என்று இனித் தெரியாது. எல்லாமே நன்றாகத்தான் ஓடுகின்றன.

பாப்பா துப்புகிறாள் என்று மருந்தை நிறுத்தாதே கண்ணு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க அங்காளம்மன் துணை. பாப்பா எதையாவது பிடித்து எழுந்து நிற்கும் அன்று எந்த நேரமானாலும் கூப்பிடு. முதலில் எனக்கு, அப்புறம் அப்பாவுக்கு.

உன் அம்மா
வசந்தாமணி
(அப்பாவால் கையெழுத்துப் போட முடியாது, சம்மதம் என்று சொல்லச் சொன்னார்.)