மாடி விளக்கு

மார்ச் 4

அடி வாயாடி,

நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் எழுதவில்லை. மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டேன். இடுப்பு சொன்ன பேச்சு கேட்பதில்லை. முன்னறையில் கட்டிலைப் போட்டுக் கிடக்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை போவேன், அவ்வளவுதான்.

என் பிள்ளையிடம் மூச்சு விடாதே. ஊருக்கு வந்திருந்தபோதே, "என்னைக்கு உன்னால மாடி ஏற முடியலையோ, அன்னைக்கு வீட்டை வித்துட்டு உன்னை முதியோர் இல்லத்துல சேத்துடுவேம்மா" என்று கறாராகச் சொல்லிவிட்டான். கூடவே ஒரு டேப்லெட்டும் கொடுத்துவிட்டுப் போனான். ஸ்லேட்டு மாதிரி கையில் தூக்கிக்கொண்டு திரியலாம். விளக்கு, மின்விசிறி, கெட்டில், போன் எல்லாம் அதற்குள் அடக்கம். நான் எதைப் போட்டாலும் கடல் கடந்து அவனுக்குத் தெரியும்.

பொழுது சாய்ந்ததும் படுத்தபடியே மாடி விளக்கைப் போட்டுவிடுகிறேன். அம்மா மாடி ஏறிவிட்டாள் என்று அவன் நிம்மதியாக இருக்கிறான். அதில் உன்னோடு பேசவும் பயம், அதனால்தான் கடிதம். தபால்காரர் ஜன்னலில் வாங்கிக்கொள்வார்.

உன் நெட்டை

மார்ச் 12

அடி நெட்டைக்கொக்கே,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அப்புறம் சிரித்துத் தொலைத்தேன். நாம் வேலை பார்த்த சலவைக்கூடத்தில் சூப்பர்வைசர் தலை தெரிந்தால் வெறும் மேசையை இஸ்திரி போட்டவள்தானே நீ!

டாக்டரைப் பார். பார்க்கமாட்டாய், சண்டி. மகளுக்குக் குழந்தை பிறந்து பத்து நாள்தான் ஆகிறது, விட்டுவிட்டு வர முடியவில்லை என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது.

திருட்டுத்தனம் செய்தாலும் ஒழுங்காகச் செய்யடி. மாடி விளக்கு மட்டும் போதுமா? காலையில் சமையலறை விளக்கு, கெட்டில், அப்புறம் மின்விசிறி என்று மனுஷி நடமாடுகிற மாதிரி இருக்க வேண்டாமா? மருமகன் சொல்கிறார், டேப்லெட்டில் கடிகாரப் படத்தை அழுத்தி நேரம் குறித்துவிட்டால் அதுவே தினமும் போட்டு அணைத்துக்கொள்ளுமாம். நீ சிரமப்பட வேண்டாம்.

சத்தியமாக மூச்சு விடமாட்டேன்.

உன் வாயாடி

மார்ச் 23

வாயாடிக்கு,

உன் மருமகன் நன்றாக இருக்கட்டும். வீடு தானாக விழிக்கிறது, தானாகத் தூங்குகிறது. போன வாரம் பிள்ளை கூப்பிட்டான். "என்னம்மா, சின்னப் பொண்ணு மாதிரி மேலயும் கீழயும் ஓடறே போல" என்று கேலி. பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

இடுப்பு வீங்கிச் சுடுகிறது. காய்ச்சல் விடவில்லை. கஞ்சி வைக்கக்கூட எழுந்திருக்கவில்லை. ஸ்லேட்டு கை நழுவிக் கட்டிலுக்கடியில் போய்விட்டது, குனிந்து எடுக்க முடியவில்லை. சார்ஜ் வயர் செருகித்தான் இருக்கிறது, விளக்கெல்லாம் அதுபாட்டுக்கு எரிகிறது.

அவனிடம் சொல்லாதே. செத்தாலும் என் வீட்டிலேயே இருந்துவிடுகிறேன்.

நெட்டை

மார்ச் 29

நெட்டை,

காய்ச்சல் விட்டதா இல்லையா? ஒரே ஒரு வரி போடு. பதில் வராவிட்டால் சத்தியமாவது மண்ணாவது, உன் பிள்ளைக்குச் சொல்லிவிடுவேன். பிறகு என் மேல் கோபப்படாதே.

வாயாடி

ஏப்ரல் 8

என் நெட்டைக்கு,

பதில் இல்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. இன்று காலை உன் பிள்ளையைக் கூப்பிட்டு, நீ விழுந்ததைச் சொல்ல வாய் திறந்தேன். அவன் சிரித்தான்.

"நீங்க வேற சித்தி! அம்மாவுக்கு என் மேல கோபம், அதான் போனை எடுக்கல. தினமும் மாடிக்குப் போறாங்க. இதோ, இப்பதான் கெட்டில் போட்டாங்க."

"டேய், அது உங்கம்மா இல்லடா, கடிகாரம்!" என்று கத்தினேன். நீ விழுந்ததைச் சொன்னேன். அந்தக் கடிகாரத்தைச் சொல்லிக் கொடுத்த பாவி நான்தான் என்பதையும் சொல்லிவிட்டேன்.

கையோடு பஸ் ஏறி வந்து, இப்போது உன் வாசற்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்தாழ்ப்பாள் போட்டிருக்கிறாய். ஜன்னல் சாத்தியிருக்கிறது. என் போன கடிதம் தபால்பெட்டியிலேயே கிடக்கிறது. கை வலிக்கத் தட்டிவிட்டேன், நெட்டை. நான் கூட்டிவந்த போலீஸ்காரர் கடப்பாரைக்கு ஆள் அனுப்பிவிட்டு என் பக்கத்தில் நிற்கிறார். முன்னறை இருட்டு.

பொழுது சாய்ந்து, சற்று முன் மாடி விளக்கு எரிந்தது. அவர் அண்ணாந்து பார்த்து, "உள்ளே ஆள் இருக்காங்களேம்மா, நல்லாத்தான் இருக்காங்க" என்றார்.

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லையடி.

உன் வாயாடி