அன்றைக்கு அது அணையவில்லை

மாப்ளே,

இன்று மத்தியானம் மில் ஆபீசில் இருந்தபோது கோடை மழை பிடித்துக்கொண்டது. சைக்கிள் ஸ்டாண்டுத் தகரத்தில் முதல் துளிகள் விழுந்ததுமே, சுட்டுக் கிடந்த தகரமும் புழுதியும் கலந்த அந்த வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே வெளியே போய் நின்றார்கள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்துகொண்டேன். சித்திரையில் மழை பெய்து சந்தோஷப்படாதவன் ராஜபாளையத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நீ போன பிறகு வருகிற முதல் கோடை இது. போன சித்திரையில் உன் வீட்டு மாடியில் நடந்ததை நாம் உட்கார்ந்து முழுதாகப் பேசியதே இல்லை. பேசிக்கொள்ளலாம், எங்கே போகப் போகிறோம் என்று இருந்துவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே பெஞ்சில் படித்தோம். நீ பட்டாளத்துக்குப் போனாய், நான் நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தேன். லீவில் வந்தால் உன் பையிலிருந்து முதலில் வெளியே வருவது கையில் வைத்து ஆடுகிற அந்தச் சின்ன கேம் கருவிதான். பனிமலையில் பங்கருக்குள் உட்கார்ந்து ஆடியதாகச் சொல்வாய். அங்கே நீ வயர்லெஸ் பார்த்தவன். குளிரில் எந்த பேட்டரி எவ்வளவு சீக்கிரம் சாகும் என்று அத்துப்படி. "மெஷினு எங்க ஓடுதுன்னு சொல்லாம எப்பிடி ஓடுதுன்னு மட்டும் சொன்னா, அது பாதிப் பொய் மச்சான்" என்று அப்போதே சொல்லியிருக்கிறாய். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நீ பட்டாளத்தை விட்டு மம்சாபுரத்துக்கு வந்து தோப்பைப் பார்க்க ஆரம்பித்த பிறகு சேனல் தொடங்கினோம். நாற்பது தாண்டிய இரண்டு பேர், புதிதாக வரும் வீடியோ கேம்களையும் கன்சோல்களையும் ஆடிப் பார்த்து, நம் ஊர்ப் பேச்சில் நல்லது கெட்டது சொல்வது. மாடியில் தகரம் போட்ட அறைதான் நம் ஸ்டுடியோ. எதிரொலி வரக் கூடாதென்று சுவரெல்லாம் பழைய ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டிருந்தாய். உன் வீட்டுக்காரி எனக்குத் தங்கச்சி முறை. அவளுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. "தோப்புல தேங்கா விழுந்து கெடக்கு. இங்க ரெண்டு பேரும் பொம்மைய முறுக்கிக்கிட்டு இருக்கிய" என்று படியில் நின்று சொல்லிவிட்டுப் போவாள். ஆனால் நம்மைக் கேட்க ஆள் இருந்தது. திருநெல்வேலியிலிருந்து துபாய் வரைக்கும், ஊர்ப் பேச்சைக் கேட்கவே வந்தவர்கள் பாதிப் பேர்.

போன சித்திரையில்தான் முதல் தடவையாக, கடைக்கு வருவதற்கு முன்பே ஒரு புதுக் கன்சோல் நம் கைக்கு வந்தது. சென்னையிலிருந்த விநியோகக் கம்பெனி அனுப்பியது. அவர்கள் சொல்லும் தேதிவரை வாயைத் திறக்கக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. பெட்டியைப் பிரித்தபோது, பட்டாளத்தில் புது வயர்லெஸ் செட்டைத் தொட்டவன் மாதிரி நீ கையைத் துடைத்துக்கொண்டு தொட்டாய்.

மறுநாள் மத்தியானம் கார் பந்தய ஆட்டம் ஒன்றைப் போட்டோம். வளைவில் திரும்பும்போது திரை கறுப்பாகிவிட்டது. கன்சோல் அணைந்திருந்தது. செத்த நேரம் விட்டுப் போட்டால் ஓடியது, பிறகு மறுபடி அணைந்தது. நான் கரண்டைத்தான் சந்தேகப்பட்டேன். தோப்பு மோட்டார்களெல்லாம் ஓடுகிற நேரத்தில் மம்சாபுரத்தில் விளக்கே மங்கும். நீ ஸ்டெபிலைசர் கொண்டுவந்து மாட்டினாய். அப்படியும் அணைந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் தெருவில் இருக்கிற என் வீட்டுக்கு எடுத்துப்போய், சுவர் தடித்த அந்த முன்னறையில் போட்டோம். சாயங்காலம் வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. திரும்ப உன் மாடிக்குக் கொண்டுவந்தோம். அணைந்தது.

நீ கன்சோல் மேல் கையை வைத்துவிட்டு எடுத்தாய். "வெக்கை தாங்கலை மச்சான் இதுக்கு."

கம்பெனிக்குச் சொன்னோம். அங்கிருந்து ஒருவர் பேசினார். மரியாதையான குரல். "சார், அந்த ஒரு பீஸ்ல மட்டும் ஏதாவது இருக்கலாம். இதை இப்ப வீடியோவுல எடுக்க வேணாமே. வேற பீஸ் அனுப்புறோம், அப்புறமா பாத்துக்கலாம்."

"அனுப்புங்க தம்பி, அதையும் போட்டுப் பாக்கோம். ஆனா இதுல பாத்தத இதுல சொல்லிருவோம்" என்றாய் நீ.

வேறு பீஸ் வரவில்லை. தேதி வந்ததும் நம் விமர்சனத்தைப் போட்டோம். படம் அருமை, வேகம் அருமை, கைப்பிடி அருமை. தகரத்துக்குக் கீழே மத்தியானத்தில் அணைகிறது. அதே நாளில் மற்ற எல்லாரும் புகழ்ந்துதான் போட்டிருந்தார்கள். அணைகிறது என்று சொன்னது நாம் மட்டும்.

அதன்பிறகு வந்தது நாம் எதிர்பார்த்ததல்ல. போட்டிக் கம்பெனி காசு கொடுத்துச் சொல்ல வைத்தது என்றார்கள் அந்தக் கன்சோலின் ரசிகர்கள். பட்டிக்காட்டான்களுக்கு எதற்குக் கன்சோல் என்றார்கள். யூனிஃபார்மில் நீ நிற்கிற படத்தை எங்கிருந்தோ எடுத்து அசிங்கமாக எழுதிப் பரப்பினார்கள். நான் வேலை பார்க்கும் மில்லைக் கண்டுபிடித்து போன் போட்டுவிட்டான் ஒருவன். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு போன் வந்துச்சுன்னா நான் மொதலாளிகிட்ட பதில் சொல்ல முடியாது" என்றார். அதற்கு மறுநாள், விடுதியில் தங்கிப் படிக்கும் உன் மகளுக்கு அசிங்க அசிங்கமாக மெசேஜ் வர ஆரம்பித்தது. அவள் அழுதுகொண்டே அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள்.

அன்று நீ என்னை அய்யனார் கோவில் ஆற்றுக்கு வரச் சொன்னாய். ஆற்றில் தண்ணீர் இல்லை. பாறையில் உட்கார்ந்தோம்.

"வீடியோவ எடுத்துருவோம் மாப்ளே. நாம சொன்னது பொய்யின்னு இல்ல. புள்ளைக்காக" என்றேன்.

"எடுத்தா பொய்யின்னு ஆயிரும். பொறவு அந்தப் புள்ள பொய் சொன்னவன் மகளாத்தான் திரியணும்."

"அப்ப என்ன செய்யச் சொல்லுத?"

"ஞாயித்துக்கெழம லைவ் போடுவோம். அதே ரூமு, அதே நேரம். எல்லாவனும் பாக்கட்டும்."

"அணையலைன்னா?"

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "அணையலைன்னா அதையும் பாக்கட்டும்."

உனக்கு ஏற்கெனவே நெஞ்சு அடைக்கிற தொந்தரவு இருந்தது. வெயிலில் அலையாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். தங்கச்சி என்னிடம் தனியாக, "அவிய கேக்க மாட்டாவ. நீங்களாவது பக்கத்துல இருந்து பாத்துக்கோங்க அண்ணே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அறை அடுப்பு மாதிரி இருந்தது. ஒரு கேமராவைத் திரைக்கும் கன்சோலுக்குமாக வைத்தோம், இன்னொன்றைச் சுவரில் மாட்டிய வெப்பமானிக்கு வைத்தோம். எந்தப் பக்கமும் யாரும் வெட்டி ஒட்டியதாகச் சொல்லிவிடக் கூடாது என்பதில் நீ குறியாக இருந்தாய். நாம் பழகிய கூட்டத்தைப் போல எத்தனையோ மடங்கு கூட்டம். கமெண்ட்டுகள் கண்ணுக்குப் பிடிபடாமல் ஓடின. நீ ஆடத் தொடங்கினாய். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, உன் சட்டைப் பையில் இருந்த மாத்திரை அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழக்கமாக அணைகிற நேரம் வந்தது. அணையவில்லை. இன்னும் கொஞ்சம் போனது, அப்படியும் இல்லை. "எப்ப சார் அணையும், நாங்க சாப்பிட்டுட்டு வரலாமா" என்று ஒருவன் எழுதினான். அதற்குக் கீழே சிரிப்பாகவே வந்தது. நீ ஆடிக்கொண்டே இருந்தாய். உன் மூச்சு மைக்கில் கேட்டது. தங்கச்சி படியில் மோர்ச் செம்போடு நின்றாள். உள்ளே வரவும் இல்லை, கீழே போகவும் இல்லை.

அப்போதுதான் ஜமுக்காளம் ஆடியது. மேற்கே பார்த்தேன். மலைக்கு மேலே மேகம் திரண்டு கருத்திருந்தது. காற்று ஜன்னல் வழியாக அறைக்குள் இறங்கி, வெப்பமானி கீழே இறங்க ஆரம்பித்தது. சித்திரை முழுக்க எட்டிப் பார்க்காத மழை, அந்த ஒரு மணி நேரத்தைப் பார்த்து வந்தது.

நான் மைக்கைக் கையால் பொத்தினேன். "சொல்லு மாப்ளே, மழைதான் காரணம்னு சொல்லு. வெப்பம் எறங்குதது கேமராவுலயே தெரியுது."

என் கையை நீ மெதுவாக எடுத்துவிட்டாய். ஆட்டத்தை நிறுத்திவிட்டு கேமராவைப் பார்த்தாய். உன் முகம் வெளுத்திருந்தது.

"மழைக் காத்து அடிக்கி. அதனால இருக்கலாம். ஆனா அடிக்கதுக்கு முந்தியே அணைஞ்சிருக்கணும், அணையல. ஏன்னு எனக்குத் தெரியாது. அன்னைக்கி அணைஞ்சிது, இன்னைக்கி அணையல. ரெண்டையும் பாத்தவன் நான். ரெண்டையும் சொல்லிட்டேன். வீட்டுப் பொம்பளப் புள்ளையளுக்கு மெசேஜ் அனுப்புததை மட்டும் நிறுத்துங்க."

பிறகு தகரத்தில் மழை இறங்கியது. அதற்குமேல் நீ பேசியது யாருக்கும் கேட்டிருக்காது. நான் லைவை நிறுத்தினேன். தங்கச்சி உள்ளே வந்து செம்பை உன் கையில் கொடுத்துவிட்டு, அழுக்குத் துண்டால் உன் நெற்றியைத் துடைத்தாள்.

நாம் தோற்றதாகத்தான் எல்லாரும் பேசினார்கள். பார்க்கிறவர்கள் பாதிக்குமேல் விலகிப் போனார்கள். நீ சொன்ன "எனக்குத் தெரியாது" என்பதை மட்டும் வெட்டி, பாட்டுப் போட்டுச் சுற்றவிட்டார்கள். ஆனால் மகளுக்கு வந்த மெசேஜ்கள் நின்றன. மில்லுக்கும் போன் வரவில்லை. நீ அன்றிரவு நன்றாகத் தூங்கியதாகத் தங்கச்சி சொன்னாள். நான் தூங்கவில்லை.

வைகாசி பிறந்த பிறகு, அந்தக் கன்சோலை வாங்கியவர்கள் ஒவ்வொருவராக எழுத ஆரம்பித்தார்கள். ராமநாதபுரத்தில் ஓலைக் கொட்டகை போட்ட வீட்டுக்காரர் ஒருவர், குவைத்தில் எட்டுப் பேர் தங்கும் அறையில் இருந்து ஒரு பையன். சில பெட்டிகள் அணைந்தன, சில அணையவில்லை. கம்பெனி ஒரு அப்டேட் விட்டது. உள்ளே இருக்கும் விசிறி வேகமாகச் சுற்றத் தொடங்கியது. எதற்காக என்று அவர்கள் சொல்லவில்லை. "நாம சொன்னது சரிதான்னு ஒரு வீடியோ போடுவோம்" என்று குதித்தேன். நீ போட்டதோ, ஏசி இல்லாத வீட்டில் கன்சோலை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று ஒரு வீடியோ. அதில் பழைய கதை ஒரு வரி இல்லை.

ஐப்பசியில் ஒரு காலையில் தங்கச்சி போன் செய்தாள். நான் வாடகைக் கார் பிடித்து வந்தேன். மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பின் சீட்டில் உன் தலை என் தோளில் இருந்தது. "வேகமா போவச் சொல்லாத, மழ ஈரம், வண்டி வழுக்கும்" என்றாய். கல்லுப்பட்டி தாண்டுவதற்குள் என் தோளில் உன் மூச்சு நின்றுவிட்டது. தங்கச்சி உன் கையைப் பிடித்தபடியே இருந்தாள். நான் ஓட்டுநரிடம் நிறுத்தச் சொல்லவும் இல்லை, அவளிடம் சொல்லவும் இல்லை. மதுரை வரும்வரை அப்படியே போனோம்.

போன வாரம் வேறொரு கம்பெனியின் புதுக் கன்சோல் கடைக்கு வந்தது. சேனலை மூடிவிடலாம் என்று இருந்த எனக்கு, உன் மகள்தான் சொன்னாள்: "மாமா, அப்பா ரூமு அப்பிடியேதான் இருக்கு." வாங்கிக்கொண்டு மம்சாபுரம் போனேன். தங்கச்சி கதவைத் திறந்துவிட்டாள். ஜமுக்காளத்தைத் தட்டித் தூசி எடுத்து வைத்திருந்தாள். மத்தியான வெயிலில் போட்டேன். அவள் கீழே போகாமல் உன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். வெகு நேரம் கழித்துக் கேட்டாள்.

"அணையுதா அண்ணே?"

"இல்லம்மா. நல்லாத்தான் ஓடுது."

"நாளைக்கும் வந்து போட்டுப் பாருங்க. பொறவு சொல்லுங்க."

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். விமர்சனத்தை இன்னும் போடவில்லை. எல்லாரும் போட்டு முடித்துவிட்டார்கள், ஏன் தாமதம் என்று கேட்கிறார்கள். இன்னும் தெரியவில்லை, தெரிந்த பிறகு சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். இந்த மழை விட்டு வெயில் ஏறியதும் மறுபடி உன் மாடிக்குப் போவேன்.