பன்னிரண்டாம் நம்பர் அக்காவுக்கு

கோட்டூர்புரம்,
11.7.2025

அன்புள்ள பன்னிரண்டாம் நம்பர் அக்காவுக்கு,

வஜீஹா எழுதுகிறேன். யார் என்று யோசிக்க வேண்டாம். நேற்று ‘தாய்த்துளி’ வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் சேர்ந்து திட்டி வெளியே தள்ளினார்களே, அதே வஜீஹாதான். அட்மின் என்னை பிளாக் செய்துவிட்டார். குழுவில் இருந்த போன் நம்பர்களில் உங்களுடையது எது என்று எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் குழுவின் சட்டமே. பால் கொடுக்கிற தாய்க்குப் பெயர் கிடையாது, ஒரு எண் மட்டும்தான். ஐஸ் பெட்டியில் பால் கொண்டுவரும் ராஜகோபாலன் சாரிடம் கெஞ்சினேன். முகவரி தர மாட்டேன், கடிதம் கொடுத்தால் சேர்த்துவிடுகிறேன் என்றார். பேனா பிடித்து வருஷக்கணக்காகிறது, கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். இன்னும் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருக்கிறாள். எனக்குப் பால் சுரக்கவில்லை. மூன்று வாரமாக அவள் வயிற்றுக்குள் போனதெல்லாம் உங்கள் பால். பெயரை மறைத்துக் கொடுத்த உங்கள் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துத்தான் டாக்டர் சம்மதித்தார். வேறு யாருடைய பாலுக்கும் இன்னும் சம்மதிக்கவில்லை.

நான் குழுவில் கேட்டது இவ்வளவுதான்: “பன்னிரண்டாம் நம்பர் யாருங்க? உங்க பேரு, உங்க குழந்தை பேரு, பையனா பொண்ணான்னு சொல்வீங்களா?” அதற்கு எத்தனை பேச்சு! “வாங்குற பாலுக்கு ஜாதகம் கேக்குறாங்கப்பா” என்றார் ஒருவர். “எடுக்கிறவங்களுக்கு எடுக்க மட்டும்தான் தெரியும்” என்றார் இன்னொருவர். அதற்குக் கைதட்டல் வேறு. பதில் அடித்து முடிப்பதற்குள் நான் குழுவில் இல்லை.

கேட்டதற்குக் காரணம் இருக்கிறது அக்கா. எழுதலாம் என்று உட்கார்ந்தால் என் வீட்டுக்காரர் ஷோயப் விடமாட்டேன் என்கிறார். “மார்க்கத்தப் பத்தி ஒரு வார்த்த எழுதாத. போட்டோ புடிச்சுப் போட்டாங்கன்னா ஊரெல்லாம் சுத்தும். வாங்கிக்கினு வந்தோமா, கம்முனு இருந்தோமான்னு இரு” என்கிறார். நேரில் பார்த்தால் சொல்வேன்.

இன்று காலை பால் வரவில்லை. நீங்கள் நிறுத்திவிட்டதாக சார் சொன்னார். என் மேல் கோபமென்றால் என்னைத் திட்டுங்கள். அவள் என்ன செய்தாள்?

இப்படிக்கு,
வஜீஹா


12.7.2025

வஜீஹா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ராஜகோபாலன் சார் முகத்துக்காக இந்தப் பதில்.

உங்கள் பிள்ளை எந்த மதம், எந்த ஜாதி என்று நான் கேட்டேனா? கொடு என்றார்கள், கொடுத்தேன். மூன்று வாரம் வாங்கிக் குடித்த பிறகு உங்களுக்குப் பெயர் தெரிய வேண்டியிருக்கிறது. பெயரைச் சொன்னால் ஆள் யாரென்று தெரிந்துவிடும், அதற்குத்தானே? பிடித்த பெயராக இருந்தால் வாங்குவீர்கள், இல்லாவிட்டால் கீழே ஊற்றுவீர்களா?

குழுவில் நீங்கள் எழுதியதையெல்லாம் நேற்று மேலே போய்ப் படித்துப் பார்த்தேன். “இன்னைக்குப் பால் வருமா?” “சாயந்திரம் எத்தனை பாட்டில்?” இதைத் தவிர எதுவும் இல்லை. மற்றவர்கள் தங்கள் பிள்ளைக்குப் பத்தாமல் போன சட்டையைக் கொடுக்கிறார்கள், பம்ப் இரவல் தருகிறார்கள், ஒன்றும் இல்லையென்றால் இரண்டு ஆறுதல் வார்த்தையாவது எழுதுகிறார்கள். உங்களிடமிருந்து ஒரு நன்றிகூட இல்லை.

பெயர் கேட்டதைக்கூட மறந்துவிடுவேன். அதை அடுத்து ஒன்று கேட்டீர்களே, அதைக் கேட்டிருக்கக் கூடாது.

ஐஸ் பெட்டியில் நான்கு பாட்டில் இருக்கிறது. பிள்ளைமேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இதுதான் கடைசி. இனி என்னைத் தேட வேண்டாம்.

பன்னிரண்டு


கோட்டூர்புரம்,
14.7.2025

அக்கா,

யா அல்லாஹ், ஜாதி பார்த்தேன் என்றா நினைத்தீர்கள்! உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் என் குழந்தை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். ஷோயப் என்ன சொன்னாலும் சரி, எழுதத்தான் போகிறேன். போட்டோ எடுத்துப் போடுவதானால் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்களில் பால் கொடுத்தவளும் தாய்தான். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தாய். அவள் பெற்ற பிள்ளைகள் என் மகளுக்குக் கூடப்பிறந்தவர்கள். அவர்களுக்குள் நிக்காஹ் ஆகாது, அது பெரிய பாவம். நீங்கள் மயிலாப்பூரா, அடையாறா, தி.நகரா எனக்குத் தெரியாது. உங்கள் பிள்ளையும் என் பிள்ளையும் இதே ஊரில் வளரும், ஒரே காலேஜில் போய்ச் சேரும். யாரென்று தெரியாமல் ஒன்றை ஒன்று விரும்பித் தொலைத்தால்? அதனால்தான் பையனா பொண்ணா என்று கேட்டேன். கல்யாணத்துக்காக மட்டும் இல்லை. நாளைக்கு உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் என் மகள் வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். யார் வீட்டு வாசலில் போய் நிற்பாள், பன்னிரண்டாம் நம்பர் வீடு எது என்று கேட்டுக்கொண்டா?

நன்றி சொல்லவில்லைதான். அடித்து அடித்து அழித்தேன். ஊரே பார்க்கிற இடத்தில் கும்பிடு பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு நகர எனக்கு வரவில்லை. கொடுக்கவும் என்னிடம் எதுவும் இல்லை. என் மகளுக்குச் சரியாக இருக்கிற சட்டையே இன்னும் கடையில் கிடைக்கவில்லை.

நீங்கள் அனுப்பிய நான்கும் தீர்ந்ததும் நேற்று பவுடர் பால் கொடுத்துப் பார்த்தார்கள். வயிறு உப்பிவிட்டது. பச்சையாக வாந்தி எடுத்தாள். இப்போது எதுவும் கொடுக்காமல் கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றுகிறார்கள். உப்பல் வடிந்தால் சொட்டுச் சொட்டாக ஆரம்பிக்கலாம், ஆனால் தாய்ப்பால் இருந்தால்தான் என்கிறார் டாக்டர்.

பெயர் வேண்டாம் அக்கா. எதுவுமே சொல்ல வேண்டாம். தெரியாமல் வாங்குவது தப்பென்றால் அந்தப் பாவம் என் தலையில் இருக்கட்டும், அல்லாஹ்விடம் நான் பேசிக்கொள்கிறேன். எடுக்கிறவள் என்றார்களே, ஆமாம், நான் எடுக்கிறவள்தான். வெட்கமில்லாமல் கேட்கிறேன். கொடுங்கள்.

வஜீஹா


தி. நகர்,
15.7.2025

வஜீஹா,

முதலில் பெட்டியைத் திறந்து பாலை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

என் பெயர் சிந்து. எங்களுக்குச் சாத்தான்குளம் பக்கம். இங்கே உஸ்மான் சாலையில் மாமனார் அய்யாதுரையின் ஜவுளிக்கடை, அதற்கு மேல் மாடியில் வீடு. நீங்கள் கேட்ட மற்றதற்கும் பதில் சொல்கிறேன். பையன். பெயர் வைக்கவில்லை. நாற்பத்தொன்றாம் நாள் வைக்கலாம் என்றிருந்தோம். அவன் ஆறு நாள்தான் இருந்தான்.

குழுவில் இதைச் சொல்லவில்லை. சொன்னால் என் பாலை யாரும் தொடமாட்டார்கள் என்று பயமாக இருந்தது. ராஜகோபாலன் சாருக்கு மட்டும் தெரியும். பிள்ளை போனது பாலுக்குத் தெரியவில்லை வஜீஹா, அதுபாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. வீட்டில் தொட்டிலைக் கழற்றிவிட்டார்கள். அவனைப் பற்றி ஒருவர்கூடப் பேசுவதில்லை. என் வீட்டுக்காரர் முருகன் கடை திறப்பதற்கு முன்னாலேயே கீழே இறங்கிப் போய்விடுகிறார். அத்தைக்கு நான் பம்ப்பை எடுத்தாலே ஆகாது. “ஏளா, டாக்டரு குடுத்த மாத்திரையப் போட்டுப் பால நிப்பாட்டு. யாரு பிள்ளைக்குன்னு இப்படி எடுத்து எடுத்து வைக்க?” என்பார். கெட்டவர் இல்லை. சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய் அழுவார்.

குழுவில் நான் பெரிய கொடையாளி. தினம் எத்தனை இதயம், எத்தனை கும்பிடு! உண்மையைச் சொல்லட்டுமா? ராஜகோபாலன் சார் வந்து “குழந்தை நல்லாக் குடிச்சுதாம்மா” என்று சொல்வாரே, அதைக் கேட்கத்தான் நான் எழுந்திருந்தேன், குளித்தேன், சாப்பிட்டேன். உங்களை எடுக்கிறவள் என்று சொன்னபோது நானும் அதற்குக் கைதட்டினேன். எடுத்துக்கொண்டிருந்தது நான்.

நேற்று அத்தை கையாலேயே மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார். வாயில் போடப் போனேன். அப்போதுதான் சார் உங்கள் கடிதத்தோடு படியேறி வந்தார். மாத்திரை போட மாட்டேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். ஒரு பிள்ளை குடிக்கிறது என்றேன். மாத்திரையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனார்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வழக்கத்தில் இறந்துபோனவனும் கூடப்பிறந்தவன் கணக்கில் வருவானா? தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். இல்லை என்றாலும் இல்லை என்றே எழுதுங்கள். பால் வரும்.

சிந்து


கோட்டூர்புரம்,
25.7.2025

அன்புள்ள சிந்து அக்கா,

பத்து நாளாகத் துண்டுச் சீட்டில் “குடித்தாள்”, “குடித்தாள்” என்று மட்டும் எழுதி அனுப்பினேன். கோபித்திருக்க மாட்டீர்கள். அதற்குமேல் எழுதப் பயம், கண் பட்டுவிடும் என்று. இன்று டாக்டரே சொல்லிவிட்டார், வயிறு சரியாகிவிட்டது, எடையும் ஏறுகிறது. அதனால் எழுதுகிறேன்.

பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் ஷோயப் கேட்டுவிட்டு வந்தார். கம்முனு இரு என்றவர்தான், கடிதத்தைப் படித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு அவரே போனார். பால் கொடுத்தவள் பெற்ற பிள்ளை எல்லாமே கூடப்பிறந்ததுதான், இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்று சொன்னாராம். சொல்லிவிட்டு உங்கள் பையனுக்காக துஆ கேட்டாராம். என் மகளுக்கு மஹ்விஷ் என்று பெயர் வைத்திருக்கிறோம். அவளுக்கு அண்ணன் உண்டு என்று சொல்லித்தான் வளர்ப்பேன். அவனுக்கென்று வந்த பாலைத்தானே குடித்தாள்.

இப்போது குழந்தையைத் தாயின் வெறும் நெஞ்சில் போட்டு வைக்கச் சொல்கிறார்கள். சூட்டில் நன்றாக வளருமாம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். முதல் நாளே உங்களைக் கூப்பிடத்தான் நினைத்தேன். முடியவில்லை அக்கா, அதை மட்டும் நானே வைத்துக்கொண்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு. டாக்டரிடம் பேசிவிட்டேன், ஒப்புக்கொண்டார். மனசு தாங்காது என்றால் வர வேண்டாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

வந்தால், முன்பக்கம் திறக்கிற மாதிரி சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். காலை பதினோரு மணி. வாசலில் சிஸ்டர் ரொம்பக் கண்டிப்பு, அம்மாவைத் தவிர யாரையும் விடமாட்டார். நீங்க யாருன்னு கேட்டால் அம்மா என்று சொல்லுங்கள். ஒரு நேரத்துக்கு ஒரு அம்மாதான் உள்ளே போகலாம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் தங்கை,
வஜீஹா