அட்டையின் மூலையில் பச்சைக் குறி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ, மாப்பிள்ளை, வாண்டு மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர மற்றபடி சுகம். அந்த முழங்கால் மழை வருவதற்கு முதல் நாளே அவருக்குத் தகவல் சொல்லிவிடுகிறது, வானிலை அறிக்கை கேட்பதையே நிறுத்திவிட்டார். மாடி வீட்டுக் குழாய் மறுபடியும் ஒழுகி நம் குளியலறைச் சுவரில் பெரிய கறை. அண்ணனுக்கு வேறு டிப்போவுக்கு மாற்றல், மீசை வைத்திருக்கிறான், சகிக்கவில்லை. வாரம் மூன்று முறை போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்வாய், நான் பாதியில் வாயை மூடிக்கொண்டுவிடுவேன். இந்த விஷயத்தில் ஏற்கெனவே ஒரு தடவை வாயை மூடிக்கொண்டவள் நான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற இருபதாம் தேதி அந்த நாய்க்குட்டியைக் கையில் வாங்காதே. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டு.

நீ அனுப்பிய படத்தை அப்பா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். காது ரெண்டும் தலையை விடப் பெருசா இருக்கே, இது நாயா வௌவாலா என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு படத்தைக் கொஞ்சம் கீழே தள்ளினார், குட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்த தடுப்பூசி அட்டை தெரிந்தது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. உலை வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி எழுந்து போனேன். உலை ஒன்றும் வைக்கவில்லை. அந்த அட்டையைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க, ஆனால் அதற்கு வருவதற்கு முன்னால் நீ வாங்கப்போகிற இந்தச் சிவாவா ஜாதி நாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏன் இப்படிப் பதறுகிறேன் என்று உனக்குப் புரியாது.

நாய் டாக்டரின் கிளினிக்கில் முன் மேஜையில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவள் நான். ஏழாவது மாடி, இரண்டு அறை, சின்ன நாய்தான் சரி என்று நீ கணக்குப் போட்டிருக்கிறாய். சின்ன நாய் என்றால் சின்ன வேலை இல்லை கண்ணு. சிவாவா குட்டியின் உச்சந்தலையில் எலும்பு மூடாமல் ஒரு மெத்தென்ற இடம் இருக்கும், சிலதுக்குக் கடைசி வரை மூடாது. ஐந்து வயதுக் குழந்தை சோபாவிலிருந்து கை தவறவிட்டால் போதும். மூன்று மணி நேரம் சாப்பிடாமல் தூங்கிவிட்டால் உடம்பில் சர்க்கரை இறங்கித் துவண்டுபோகும், சமர்த்தாகத் தூங்குகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். நீ விமான நிலையக் கவுன்டரில் எட்டு மணி நேரம் நிற்கிறவள், மாப்பிள்ளைக்கும் பஸ்ஸில் வேலை, பகலில் அதற்கு யார் ஊட்டுவது? முழங்கால் சில்லு நழுவும் ஜாதி, அதனால் தாயின் காலை டாக்டர் பார்த்தாரா, இதயத்தைக் கேட்டாரா என்று விசாரிக்க வேண்டும். டீக்கப் அளவு குட்டி என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் அது தனி ஜாதி இல்லை, வளராமல் போன குட்டிக்கு வைத்த செல்லப் பெயர். எட்டு வாரம் ஆகாமல் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது, இந்த ஜாதிக்குப் பத்து, பன்னிரண்டு வாரம் என்றால் இன்னும் நல்லது. குட்டி வளர்த்து விற்கிற நல்ல பிரீடர் உன்னைக் கேள்வி கேட்டே அலுக்க வைப்பார், யார் வீட்டில் இருப்பார்கள், குழந்தைக்கு என்ன வயது, வளர்க்க முடியாவிட்டால் என்னிடமே திருப்பிக் கொடுப்பாயா என்று. உனக்குக் குட்டி விற்கிற ஆள் உன்னிடம் ஒரு கேள்வியாவது கேட்டாரா? நீ சொன்னதில் அப்படி ஒன்றும் இல்லை. தாய் நாயைப் பார்க்கலாமா என்று நீ கேட்டதற்கு, வெளியாள் வந்தா குட்டிங்களுக்கு நோய் தொத்திக்கும், நான் பாதி வழியில கார் நிறுத்துற இடத்துக்கே கொண்டாந்து தரேன் என்றாராம். எவ்வளவு அக்கறை பார்த்தியா அம்மா என்று நீ சந்தோஷப்பட்டாய். அந்த வாக்கியத்தை நான் முன்பே ஒரு முறை கேட்டிருக்கிறேன்.

உனக்கு நினைவிருக்கிறதா, கிளினிக்கில் கம்பளிக்காரர் என்று ஒருவரைப் பற்றி நான் வீட்டில் சொல்வேன். சிவாவா வளர்த்து விற்பவர். குட்டிகளைப் பழுப்பு நிறக் கம்பளியில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு வருவார், அதனால் அந்தப் பெயர். குரல் உயர்த்திப் பேசியதே இல்லை. உள்ளே வரும்போது காலணியைத் துடைப்பார், கையைக் கழுவுவார், என்னை அக்கா என்பார். எங்கள் டாக்டர் அவரைக் காட்டித்தான் மற்றவர்களுக்குப் புத்தி சொல்வார். சனிக்கிழமைகளில் கிளினிக் வாசல் தாண்டி வரிசை நிற்கும். அந்த நெரிசலைச் சமாளிக்க நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை மதியமே டாக்டர் ஒரு கட்டு வெற்று அட்டைகளில் கையெழுத்துப் போட்டுவிடுவார், நான் கிளினிக் முத்திரை குத்தி வைப்பேன். சனிக்கிழமை குட்டியை நிறுத்துப் பார்த்து, வாயைத் திறந்து பல்லைப் பார்த்து, சொல்கிற வயதும் பல்லும் ஒத்துப்போனால்தான் மூலையில் பச்சை மையில் என் குறியைப் போடுவேன். ஒரு சுழி, அதன் வயிற்றில் ஒரு புள்ளி. உன் வீட்டுப்பாட நோட்டைத் திருத்தும்போது கூட அதைத்தான் போடுவேன், இது என்னம்மா நத்தையா என்று கேட்பாய். அந்தக் குறி இருந்தால் குட்டியை நான் பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். டாக்டர் அதை நம்பித்தான் அடுத்த ஊசியின் தேதி சொல்வார்.

வருஷக்கணக்கில் ஒரே வேலை செய்தால் கை தானாக ஓட ஆரம்பித்துவிடும். ஒரு வெள்ளிக்கிழமை முத்திரை குத்துகிற வேகத்திலேயே குறியையும் போட்டு முடித்துவிட்டேன். நாளைக்குச் செய்ய வேண்டியதுதானே, பல்லைப் பார்க்காமலா விடப்போகிறேன் என்று நினைத்தேன். நாற்பது அட்டை. அடுத்த நாள் கம்பளிக்காரர் வெறுங்கையோடு வந்தார். அக்கா, இந்தக் கூட்டத்துல குட்டிங்களைக் கொண்டாந்தா நோய் தொத்திக்கும், டாக்டரே வீட்டுக்கு வந்து ஊசி போடறேன்னு சொல்லிட்டாரு, அட்டையை மட்டும் குடுத்துடுங்க என்றார். உள்ளே ஒரு பெரிய நாய் கட்டை அறுத்துக்கொண்டு கத்துகிறது, வாசலில் இரண்டு பேர் வரிசைக்காகச் சண்டை போடுகிறார்கள். நான் டாக்டரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எண்ணிக்கூடப் பார்க்காமல் கட்டோடு எடுத்துக் கொடுத்தேன். அதை மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

மூன்று வாரம் கழித்து லிஃப்ட்காரர் வந்தார். மனைவி போன பிறகு தனியாக இருக்கிறவர், ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் ஒரு சிவாவா குட்டி, தலை தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது வாரம்னு அட்டையில போட்டிருக்கும்மா, ராத்திரி பூரா சமர்த்தா தூங்குச்சு, காலையில எழுந்திரிக்க மாட்டேங்குது என்றார். நான் வாயைத் திறந்து பார்த்தேன். கடைவாயில் பல்லே இல்லை. ஐந்து வாரம் கூட ஆகியிருக்காது. டாக்டர் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றினார், சூடு கொடுத்தார், ஒன்றும் பலிக்கவில்லை, மதியத்துக்குள் மேஜை மேலேயே அடங்கிவிட்டது. அவர் என்னைப் பார்த்து, நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனாம்மா என்று கேட்டார். அவர் கையில் இருந்த அட்டையில் என் பச்சைக் குறி. இல்லைங்க, சின்ன ஜாதி, சில சமயம் இப்படித்தான் என்று வாய் கூசாமல் சொன்னேன். அட்டையை வாங்கி இழுப்பறையில் பதிவேட்டுக்கு அடியில் வைத்தேன். டாக்டர் அட்டை எங்கே என்று கேட்டபோது அவர் கொண்டுவரவில்லை என்றேன். அந்த மாதத்திலேயே இன்னும் நான்கு வந்தன. இரண்டு சர்க்கரை இறங்கி, இரண்டு ரத்தமாகக் கழிந்து. ஊசியே போடாத குட்டிகள், அட்டையில் மட்டும் ஊசி. நான்கிலும் என் குறி, நான்கையும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன். ஐந்து அட்டையும் தையல் பெட்டியின் அடித்தட்டில் இருக்கின்றன. அப்பாவுக்குத் தெரியாது.

ஒரே ஒரு முறை கம்பளிக்காரர் வீட்டுக்குப் போனேன், அதையும் கேட்டுக்கொள். முன்பக்கம் பூந்தொட்டி, கண்ணாடிக் கதவு. பின்பக்கம் தகரக் கொட்டகை. உள்ளே கம்பிக் கூண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக, கம்பி வலை மேலேயே நிற்கிற தாய் நாய்கள், மூத்திர நெடியில் கண் எரிந்தது. நான் வாசலில் வந்து நிற்கிறேன், ஒன்றுகூடக் குரைக்கவில்லை. சிவாவாவை உனக்குத் தெரியாது, படிக்கட்டில் ஆள் ஏறும் சத்தத்துக்கே ஊரைக் கூட்டிவிடும். முப்பது நாய் இருந்த இடத்தில் என் மூச்சுதான் எனக்குக் கேட்டது. அந்த அமைதி இன்றைக்கும் சில நேரம் சமையலறையில் நிற்கும்போது காதில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். நான் சண்டை போடத்தான் போயிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, எல்லா அட்டையிலும் உங்க குறிதானக்கா இருக்கு, நாம ரெண்டு பேரும் ஒத்துமையா இருக்கறதுதான் ரெண்டு பேருக்கும் நல்லது என்றார். நான் உட்காராமலே திரும்பி வந்துவிட்டேன். கொஞ்ச நாளில் அவர் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கோ போனார் என்று கேள்விப்பட்டதும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

எங்கள் கிளினிக் மூடி இரண்டு வருஷம் ஆகிறது. நீ வாங்கப்போகிற குட்டிக்கு இரண்டு மாதம் என்கிறாய். அதன் அட்டையில் எங்கள் கிளினிக் முத்திரை எப்படி வரும்? படத்தில் எழுத்து மங்கலாகத்தான் தெரிகிறது, ஆனால் முத்திரையின் வடிவமும் மூலையில் பச்சை நிறமும் தெரிகின்றன. அன்றைக்கு நான் கட்டோடு கொடுத்ததில் மிச்சமாகத்தான் இருக்க வேண்டும். குட்டி படுத்திருப்பது பழுப்புக் கம்பளி. போன வாரம் நீ ஒன்று சொன்னாயே, எங்கம்மா கூட நாய் டாக்டர்கிட்ட வேலை பார்த்தவங்க என்று நீ சொன்னதும் அவர் எந்த ஊர், எந்த கிளினிக் என்று கேட்டுவிட்டு, அப்படியா, அம்மாவை நான் ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லுங்க என்றார் என்று. மரியாதைக்காரர் என்றாய்.  அவர் விசாரித்தது என் நலத்தை இல்லை. நான் இன்னமும் வாயை மூடிக்கொண்டிருப்பேனா என்று விசாரித்திருக்கிறார். இந்தத் தடவை பணயமாக என் பேத்தியின் கையில் ஒரு குட்டியை வைக்கப்போகிறார். வாண்டு அதற்குப் பெயர் வைத்து, தன் தலையணை உறையைக் கிழித்துப் படுக்கை தைத்துத் தரச் சொல்கிறாளாம். ஒரு காலையில் அது எழுந்திருக்காமல் போனால், நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனாம்மா என்று அவள் உன்னைக் கேட்பாள். அந்தக் கேள்வியை ஒரு முறை காதால் கேட்டவள் நான். இன்னொரு முறை என்னால் ஆகாது.

அந்த ஆளிடம் சண்டைக்குப் போகாதே, வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு அட்டையின் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். அவருடைய போன் நம்பரையும் எனக்கு எழுது. அந்தக் குட்டியை மட்டுமாவது காப்பாற்றலாமே என்று உனக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது, நீ வாங்கினால் அந்த இடத்துக்கு இன்னொன்றைத் தாய் பெற்றுப் போட வேண்டும், கொட்டகையோடு காலி செய்தால்தான் எல்லாவற்றுக்கும் விடிவு. வாண்டுக்கு நாய் வேண்டுமென்றால் இன்னும் இரண்டு வருஷம் போகட்டும், தாயை மடியில் வைத்துக் காட்டுகிற, வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைக்கிற ஒருவரிடம் நானே வந்து பார்த்து வாங்கித் தருகிறேன். திங்கட்கிழமை காலை ஐந்து அட்டையையும் எடுத்துக்கொண்டு விலங்கு நல அலுவலகத்துக்குப் போகப்போகிறேன். டாக்டர் இப்போது தன் மகன் வீட்டில் இருக்கிறார், அவருக்கும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். என் பெயர் வெளியே வரும். யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே சொல்ல வேண்டும் என்றுதான் எழுதினேன். இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து அப்பாவிடம் சொல்வேன். லிஃப்ட்காரர் நம் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். கடைவீதியில் பார்த்தால் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிட்டு, அன்னிக்கு நீங்க எவ்வளவு பாடுபட்டீங்கம்மா என்கிறார். அவருக்கு என்ன சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை. அவர் அதற்குப் பிறகு நாய் வளர்க்கவில்லை, தனக்கு ராசியில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீ நிற்கிற வேலைக்குக் கால் நரம்பு இழுக்கும், வந்ததும் வெந்நீரில் காலை வை. வாண்டுக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் குறையில்லாமல், யாருக்கும் தலைகுனியாமல் வாழ வேண்டும், அதற்கு மேல் எனக்கு ஆசை இல்லை. இருபதாம் தேதியை மறக்காதே, அந்த இடத்துக்குப் போகாதே.

எப்போதும் உன்,
அம்மா

பின்குறிப்பு: அம்மா எதையோ கற்பனை செய்துகொண்டு பயப்படுகிறாள் என்று நீ நினைக்கலாம். எனக்கும் அப்படி இருந்தால் நல்லதுதான். பழைய பச்சைப் பேனாவைத் தேடி எடுத்து இந்தத் தாளின் கீழ்மூலையில் என் குறியைப் போட்டிருக்கிறேன். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, பக்கத்தில் வைத்துப் பார்.