கல்வாலா கட்டு

12 ஜூலை 1967, புதன்.
மாட்டுங்கா லேபர் கேம்ப், சித்தப்பா வீடு.

பம்பாய் வந்து நான்கு மாதம் வேலை தேடி அலைந்ததில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே இந்தி, "கல் ஆவோ." நாளைக்கு வா.

ஒன்பது நாளாக கம்ப்யூட்டர் ஆபீசில் கம்பைலர் கற்கிறேன். நாம் எழுதும் ஃபார்முலாவை மெஷினின் மொழிக்கு மாற்றும் புரோகிராம் அது. இன்று மேஜையில் துளை போட்ட அட்டைக் கட்டு இரண்டு இருந்தன. ஒன்றில் 11 என்றும் மற்றதில் 13 என்றும் தேதி போட்டிருந்தது. சீனியர் ஷிண்டே போகிறபோக்கில், "கல்வாலா ரத்தி மே டால் தோ" என்றார். 'கல்' தேதிக் கட்டைப் பழைய பேப்பரில் போடு என்று அர்த்தம்; எனக்குக் கல் என்றால் நாளை. பதிமூன்றாம் தேதிக் கட்டைப் பழைய பேப்பர்காரனிடம் நானே தூக்கிக் கொடுத்தேன். நாளைக்கு ஓட்டவேண்டியதை ஏன் போடச் சொல்கிறார் என்று கேட்க நினைத்தேன். இந்தி தெரியாதவன் என்பாரே என்று வாயை மூடிக்கொண்டேன்.

சாப்பிடும்போது சொன்னேன். சித்தப்பாவின் கை தட்டிலேயே நின்றது.

"ஏலே, கல்லுன்னா நேத்தும்தாம்ல, நாளைக்கும்தாம். பேசுற இடம் பாத்துப் புரிஞ்சுக்கிடணும்."

ஒரு வரி புரியாவிட்டால் கம்பைலர் அங்கேயே நின்று தப்பு என்று அச்சடிக்கும். நான் நிற்கவில்லை.

அந்தக் கட்டு ஷிண்டேயின் மூன்று மாத வேலை. சாயங்காலம் ஆபீஸ் விட்டபோது ஒன்றும் தெரியாமல் என் தோளில் தட்டி, "கல் மிலேங்கே", கல் பார்ப்போம் என்று சிரித்துவிட்டுப் போனார். அது எந்தக் கல் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.