இடது பக்கச் சுருள்

மார்ச் 3, திங்கள்

மகள் வருகிறாளாம். இரண்டே வரி: "வெள்ளிக்கிழமை வர்றேன். நாலு நாள் இருப்பேன்." கூடவே ஒரு படம். ஏழு வருஷமாக மொட்டையை ஒட்டியே வெட்டிக்கொண்டு திரிந்தவள் முடி வளர்த்திருக்கிறாள். தோள்வரை, சுருள் சுருளாக. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைக்கு வந்த வாடிக்கையாளர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் காதில் விழுந்தது. எனக்கு இப்படி ஆனதே இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

கடையில் இருப்பதிலேயே நல்ல ஸ்ட்ரெய்ட்னரை, சூட்டில் முடியை நேராக்கும் மிஷினை, எடுத்து அவளுக்கென்று வண்ணத்தாள் சுற்றி வைத்தேன். பின்தெருவில் இரண்டு நாற்காலி போட்டு பார்லர் நடத்தும் பெண் கிளிப் வாங்க வந்தாள். படத்தைக் காட்டினேன். பார்சலையும் காட்டினேன்.

"ஏங்க்கா, இந்தச் சுருளுக்கா இஸ்திரிப் பெட்டி?"

"அடங்காத முடிடீ அது. சின்ன வயசுலேருந்தே."

"அப்படி ஒரு முடி கிடையாதுக்கா. தண்ணிக்கு ஏங்குற முடின்னு சொல்லுங்க. அடங்காததுன்னு சொன்னா எங்க நாற்காலியில உக்காந்திருக்கிறவங்க முகமே வாடிடும்."

கடைப் பலகையில் அந்த வார்த்தையை எழுதியதே நான்தான். 'அடங்காத முடியை அடக்கும்.' பையைத் தோளில் மாட்டித் தெருத்தெருவாக விற்ற காலத்து வாசகம். நன்றாக ஓடிய வாசகம்.

மார்ச் 5, புதன்

மதியம் கூட்டமில்லை. மேசையில் தலை சாய்த்துக் கண்ணயர்ந்தேன். கனவில், அலமாரியிலிருக்கும் பொம்மைத் தலைகளுக்கெல்லாம் முடி வளர்கிறது. சத்தமே இல்லாமல் வழிந்து, அலையாகி, என் முழங்காலைத் தொடுகிறது. பயமில்லை. வெதுவெதுப்பாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் எல்லாத் தலைக்கும் வலது பக்கம் மட்டும் நேர்முடி.

எழுதிவிடுகிறேன். சனிக்கிழமை பள்ளி கிடையாது. அப்போது பன்னிரண்டு வயதான என் மகளைக் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, வலது பக்கத்தை மட்டும் நேராக்கிக் காட்டுவேன். இடது பக்கம் அப்படியே. பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரிய வேண்டாமா? கூட்டம் கூடும், பெட்டி பெட்டியாகப் போகும். மறுபக்கத்தை வீட்டில் முடித்துவிடலாம் என்பேன். முடித்தது சில வாரம்தான். திங்கட்கிழமை இரட்டைச் சடையோடு பள்ளிக்குப் போவாள் — ஒன்று கயிறு, ஒன்று பஞ்சு. வகுப்பில் அவளுக்குப் பெயர் பாதித்தலை. அவள் சொல்லவில்லை, அவள் தோழியின் அம்மா சொன்னாள். தெரிந்த பிறகும் இரண்டு சனிக்கிழமை உட்காரவைத்தேன். என்னையே கேட்டுக்கொள்கிறேன்: ஏன் அப்படிச் செஞ்ச? வியாபாரம். வேற என்னத்தச் சொல்ல?

பதினேழு வயதில் தலையை மழித்துக்கொண்டு வந்து நின்றாள். "இப்ப ரெண்டு பக்கமும் ஒண்ணு. போதுமா?"

மார்ச் 6, வியாழன்

நானே பார்லருக்குப் போனேன். ஓரமாக நின்று பார்த்தேன். ஈரத் தலையைத் துண்டால் தேய்க்கக் கூடாதாம், பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடுக்க வேண்டுமாம். சீப்பு ஈரத்தில் மட்டும், நுனியிலிருந்து மேலே. 'கொஞ்சம் ட்ரிம்' என்று யாராவது கேட்டால் இவள் விரலில் அளவு காட்டச் சொல்கிறாள். "ஒருத்தங்க கொஞ்சம் இன்னொருத்தங்களுக்கு ஒரு ஜாண்க்கா." சுருளுக்கு ட்ரையரில் டிஃப்யூசர் மாட்டி, சூட்டைக் குறைத்து வைக்க வேண்டுமாம்.

"டிஃப்யூசர்னா?"

அவள் சிரித்த சிரிப்பில் நாற்காலியில் இருந்தவளும் திரும்பிப் பார்த்தாள். "உங்க மேசையில பேனா குத்தி வச்சிருக்கீங்களே, அந்தக் கிண்ணம்தான்! சுருள் கலையாம காத்தைப் பரப்பி விடும்."

ட்ரையர் பெட்டியோடு வரும் முள்முள்ளான கிண்ணம். எதற்கென்று தெரியாமல், எறிய மனமில்லாமல், பேனா வைத்தேன். இருபது வருஷமாக இதை விற்றுத்தான் சாப்பிடுகிறேன். வெட்கக்கேடு.

கிளம்பும்போது மெதுவாகச் சொன்னாள்: "எந்த மிஷினை எடுத்தாலும் முதல்ல 'தொடலாமா'ன்னு கேளுங்கக்கா. நாங்க தினமும் சொல்ற வார்த்தை அதுதான்."

பேனாக்களை எடுத்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவினேன். மை முழுதும் போகவில்லை. பலகையில் அந்த வரிமேல் வெள்ளை பெயின்ட் அடித்தேன். அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. இருக்கட்டும்.

மார்ச் 7, வெள்ளி

வந்துவிட்டாள். வந்ததும், நான் ஒளித்து வைக்க மறந்த பார்சலைப் பிரித்தாள். "நீ மாறவே மாட்டல்ல?" அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பாவி, எல்லாத்தையும் கழுவினியே, அதை எடுத்து வைக்கத் தோணலையே!

மார்ச் 8, சனி

காலையில் குளித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சுருள்களின் நுனியில் ஒவ்வொரு சொட்டு, ஒவ்வொன்றிலும் துளி வெளிச்சம். கிண்ணம் மாட்டிய ட்ரையரோடு நின்றேன். சரக்கு விற்க ஆயிரம் வார்த்தை பேசிய வாய் இது.

"தொடலாமா?"

திரும்பி என் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

"அந்தக் கிண்ணத்துல என்னம்மா நீலமா இருக்கு?"

"பேனா மை. பேனா ஸ்டாண்டுன்னு நினைச்சுட்டேன்டீ."

முதலில் உதட்டைக் கடித்தாள். பிறகு அடக்க முடியாமல் குலுங்கிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தலையைப் பின்னால் சாய்த்தாள். "தொடு."

பழைய சட்டையால் ஒற்றினேன். வலது பக்கச் சுருள்களைக் கிண்ணத்தில் ஏந்தி, அசையாமல் பிடித்தேன். வெதுவெதுப்பான காற்று. பறவைக்குஞ்சைக் கையில் வைத்திருப்பதுபோல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. வலது பக்கம் காய்ந்தபோது என் கைப்பேசி அடித்தது. எடுத்துப் பார்த்தவள், "மொத்த வியாபாரிம்மா. கடை ஏன் பூட்டியிருக்குன்னு கேப்பாரு" என்றாள். பழைய பழக்கம் — வலது பக்கம் முடிந்ததும் தானாகவே எழுந்திருக்கப் போனாள்.

"உக்காரு" என்றேன். "இடது பக்கம் இருக்கு."

கைப்பேசி அடித்து ஓய்ந்தது. இரண்டு பக்கமும் காய மதியம் ஆகிவிட்டது.