விடிய ஆறு மணி நடுக்கம்

பங்குனி 12, செவ்வாய்

நான் பார்த்துக்கொள்ளும் நிலநடுக்கப் பதிவுக் கருவியின் தாளில் காலை ஆறு மணிக்கு ஒரு சிறிய அதிர்வு விழுந்திருந்தது. கொழும்பிலிருந்து வந்த ஆய்வாளருக்கு வாயெல்லாம் பல்.

"சின்ன நடுக்கம்தான் எங்களுக்கு வேணும். இதை வச்சுத்தான் துறைமுகத்துக்குக் கீழ பாறை எவ்வளவு தடிப்பெண்டு கணக்குப் பாக்கலாம்," என்றார்.

இரவு பாரைக் குழம்பு. மீனின் நடுமுள் உள்ளேயே துண்டு துண்டாய் முறிந்து கிடந்தது. வெடி போட்டுப் பிடித்த மீன் அப்படித்தான் இருக்கும்.

"ஆர் தந்தது?" என்று மனைவியைக் கேட்டேன்.

"அண்ணன்தான். விடிய ஆறு மணிக்குப் பிடிச்சதாம்."

சொன்னால் மச்சானைப் பொலிஸ் கொண்டுபோகும். சொல்லாவிட்டால் அவருடைய வெடியும் நிலநடுக்கமாகக் கணக்கில் சேர்ந்துவிடும். தாள் நாளைக் காலை கொழும்புக்குப் போகிறது.

குழம்பு நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு துண்டும் கேட்டு வாங்கினேன்.